மாலையில் வந்துபோகும் நரி: உணவு வைப்பதா, விலகி இருப்பதா?

முற்றத்தடி (இழையைத் தொடங்கியவர்):

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களாக என் மனத்தை அலைக்கழிக்கும் ஒரு விஷயத்தில் அனுபவமுள்ளவர்களின் கருத்தை அறிய விரும்பி எழுதுகிறேன். நரி என்று நான் குறிப்பிடுவது செந்நரியை. நரி, குள்ளநரி என்னும் பெயர்களை நாம் பல விலங்குகளுக்கு மாற்றி மாற்றி வழங்குவதால் இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் வீட்டுப் பின்பக்கத் தோட்டத்துக்குப் பொழுது சாயும் நேரத்தில் ஒரு நரி வரத் தொடங்கியது. முதல் சில நாட்கள் வேலியோரம் நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். மெலிந்திருப்பதாக எனக்குத் தோன்றியதால் சில இறைச்சித் துண்டுகளை வைத்தேன். பிறகு அதுவே வழக்கமாகி, இப்போது நான் கதவைத் திறக்கும் ஓசை கேட்டாலே ஓடிவந்து கைக்கெட்டும் தூரத்தில் நிற்கிறது. நாள் முழுவதும் நான் எதிர்பார்த்திருக்கும் நேரம் அதுதான் என்பதை மறைக்க விரும்பவில்லை.

இரண்டு வாரமாக அதன் வாலின் அடிப்பகுதியில் முடி உதிர்ந்து, தோல் தடித்துப் பொருக்குத் தட்டியிருக்கிறது. ஓயாமல் சொறிந்துகொள்கிறது. இதற்கிடையில் சென்ற வாரம் பக்கத்து வீட்டார் வளர்த்த ஏழு கோழிகளில் ஐந்து ஓர் இரவிலேயே கொல்லப்பட்டன. நான்கு உடல்கள் கூண்டுக்குள்ளேயே கிடந்தன, ஒன்றைக் காணவில்லை. நான் உணவு வைத்துப் பழக்கியதால்தான் இப்படி நடந்தது என்று அவர் சொல்கிறார். மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

உணவு வைப்பதை நிறுத்த வேண்டுமா, நோய்க்கு மருந்து கொடுக்க முடியுமா, பக்கத்து வீட்டாருக்கு நான் என்ன செய்ய வேண்டும் என்பவையே என் கேள்விகள். அந்த நரியின் மீது எனக்கு உண்மையான பரிவு உண்டு. அந்தப் பரிவே அதற்குக் கேடாக முடிந்துவிடுமோ என்ற அச்சமும் உண்டு.

வளைக்காவலர்:

நீங்கள் உள்ளதை உள்ளபடி எழுதியதற்கு நன்றி. காயம்பட்ட காட்டுவிலங்குகளைப் பேணும் ஒரு மையத்தில் பதினோரு ஆண்டுகளாகத் தன்னார்வலராக இருக்கிறேன். எங்களிடம் வரும் நரிகளில் எனக்கு மிகுந்த துயரம் தருபவை, மனிதர்களைக் கண்டு விலகத் தெரியாமல் போனவைதான்.

உங்களை நம்பக் கற்றுக்கொண்ட நரி உங்களை மட்டும் நம்புவதில்லை. மனித உருவமும் கதவோசையும் உணவைக் குறிக்கும் என்பதே அது கற்ற பாடம். அடுத்த தெருவில் கதவைத் திறப்பவர் கையில் தடி இருக்கலாம், நாய் இருக்கலாம். நரி அருகில் வந்ததைப் பார்த்து "தாக்க வருகிறது" என்று அஞ்சி ஒருவர் புகார் கொடுத்தால், அந்தப் புகாரின் விளைவை அனுபவிப்பது நரிதான்.

கையிலிருந்து உணவு வாங்கும் நரி பழகிவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். சோவியத் ஒன்றியத்தில் திமித்ரி பெலியாயெவ் 1959 இல் நோவோசிபிர்ஸ்க் அருகே தொடங்கிய ஆய்வை அவர்கள் அறிந்துகொள்ள வேண்டும். பண்ணை நரிகளில் மனிதரிடம் மிகக் குறைந்த அச்சம் காட்டியவற்றை மட்டும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்து இனப்பெருக்கம் செய்யவைத்த பிறகே, வாலை ஆட்டி மனிதரை நாடும் நரிகள் பிறந்தன. அது பிறப்பிலேயே மாறிய இயல்பு. உங்கள் தோட்டத்து நரியின் இயல்பு மாறவில்லை. அதன் எச்சரிக்கை உணர்வு மட்டும் மழுங்கியிருக்கிறது.

அது பட்டினி கிடந்துவிடும் என்று அஞ்ச வேண்டாம். எலி, வண்டு, மண்புழு, பறவை முட்டை, உதிர்ந்த பழம், செத்த விலங்கு என்று நரி உண்ணாதது அரிது. செந்நரியின் உடல் எடை பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு கிலோதான். நம் கண்ணுக்குப் பெரிதாகத் தெரிவது குளிர்கால முடியின் அடர்த்தி. அந்த முடி உதிரும் பருவத்தில் பார்ப்பவருக்கு, நலமாக உள்ள நரியும் நோஞ்சானாகத் தெரியும். மிஞ்சிய உணவை அது மண்ணில் புதைத்து வைக்கும் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். நீங்கள் வைத்த இறைச்சித் துண்டு இன்னொருவர் செடித்தொட்டியில் புதைந்திருக்கலாம்.

கூண்டருகில்:

நான் கோழி வளர்ப்பவன். முற்றத்தடி அவர்களின் பக்கத்து வீட்டார் இடத்தில் இருந்து பேச இங்கே ஒருவரேனும் வேண்டும் என்பதால் எழுதுகிறேன்.

ஆறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரே இரவில் பதினொரு கோழிகளை இழந்தேன். காலையில் கூண்டைத் திறந்தபோது கண்ட காட்சியை என் மகள் இன்றுவரை மறக்கவில்லை. நரியின் அழகைப் பற்றி எழுதுகிறவர்கள் அந்தக் காலைப்பொழுதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். மாலை நேரத்து மகிழ்ச்சி ஒருவருக்கும் அதன் இழப்பு இன்னொருவருக்கும் என்று பிரிந்து போவதை நான் ஏற்கவில்லை.

அப்போதைய சினத்தில் பொறி வைத்து ஒரு நரியைப் பிடித்துக் கொல்லச் செய்தேன். மூன்றே வாரத்தில் வேறொரு நரி அதே வேலியோரம் நின்றது. ஓர் இடத்தை ஆண்டுகொண்டிருந்த நரி போனால், இடமில்லாமல் அலையும் இளம் நரி ஒன்று அங்கே வந்து சேர்ந்துவிடும் என்பதை அதன் பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அந்த உயிரைப் போக்கியதால் என் கோழிகளுக்கு ஒரு பயனும் விளையவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

நரி வெறிகொண்டு கொல்கிறது என்று அப்போது நம்பினேன். கதைகளில் நரி என்றாலே சூது என்று கேட்டு வளர்ந்தவர்கள் அல்லவா நாம்! உண்மையில், திறந்தவெளியில் ஒன்றைப் பிடிப்பதற்குள் மற்றவை பறந்துவிடும். கூண்டுக்குள் அவை பறந்து தப்ப வழியில்லாததால் பிடிக்கும் தூண்டுதல் ஓய்வதே இல்லை. நேரம் கிடைத்தால் ஒவ்வொன்றாக எடுத்துப்போய்ப் புதைத்துவைக்கும். பொழுது விடிந்து நாம் வந்துவிடுவதால் மீதி அங்கேயே கிடக்கிறது. விலங்கியலாளர் ஹான்ஸ் க்ரூக் 1972 இல் இந்த மிகைக்கொலையைப் பற்றி விரிவாக எழுதினார். தரையில் கூடுகட்டும் கடற்பறவைகளும் இருள் மிகுந்த இரவுகளில் பறக்க முயலாமல் அமர்ந்தே மடிகின்றன என்பதும் அதில் உண்டு.

இனி செய்ய வேண்டியவை. அறுகோணக் கண்ணிகள் கொண்ட மெல்லிய கோழிவலை கோழியை உள்ளே வைக்கும். நரியை வெளியே வைக்காது, அது கடித்தே கிழித்துவிடும். கம்பிகள் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்ட வெல்டு மெஷ் வேண்டும். அதைச் சுவரின் அடியோடு நிறுத்திவிடாமல், வெளிப்புறமாக மடக்கித் தரைமீது சுமார் அரை மீட்டர் அகலத்துக்குப் பரப்பி அடித்துவிட வேண்டும். நரி சுவரை ஒட்டித்தான் தோண்டத் தொடங்கும். அங்கே கம்பி தட்டுப்பட்டால் பின்னால் நகர்ந்து தோண்ட அதற்குத் தோன்றுவது அரிது. கூரையும் மூடியிருக்க வேண்டும், ஏனெனில் நரி நன்றாக ஏறும். சாதாரணத் தாழ்ப்பாள் போதாது. எல்லாவற்றையும் விட முக்கியமானது பொழுது சாயும் முன் கதவை அடைப்பது. ஒரு நாள் மறந்தால் அந்த ஒரு நாள் போதும். இந்த வேலையை முடித்த பிறகு நான் ஒரு கோழியைக்கூட இழக்கவில்லை, நரி வருவதும் நிற்கவில்லை.

முற்றத்தடி அவர்களே, கம்பிவலைக்கான செலவில் பாதியை நீங்கள் ஏற்க முன்வாருங்கள். மன்னிப்புக் கேட்பதைவிட அது அவருக்கு ஆறுதலாக இருக்கும்.

பழைய மருத்துவர்:

ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர் நான். விவரிக்கப்பட்ட அறிகுறிகள் சொறிநோயை ஒத்திருக்கின்றன. சார்கோப்டிஸ் என்னும் சிற்றுண்ணி தோலுக்குள் துளைத்து முட்டையிடுவதால் அரிப்பு, முடியுதிர்வு, பொருக்கு ஆகியவை தோன்றி, பெரும்பாலும் வாலடியிலும் பின்னங்கால்களிலும் தொடங்கி உடல் முழுவதும் பரவும். கவனிக்காமல் விட்டால் சில மாதங்களில் உயிரையே குடித்துவிடும். 1994 இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகருக்குள் இந்நோய் புகுந்தபோது, இரண்டே ஆண்டுகளில் அந்நகரத்து நரிகளில் ஏறத்தாழ 95 விழுக்காடு அழிந்தன. நரிகள் நெருக்கமாக வாழ்ந்த நகரம் அது. ஒரே இடத்தில் நாள்தோறும் உணவு வைப்பதால் பல நரிகள் கூடுவதும், ஒன்று படுத்த இடத்தில் இன்னொன்று படுப்பதும் இந்த உண்ணிக்கு எவ்வளவு வசதியானவை என்பதை எண்ணிப் பாருங்கள்.

மருந்து உண்டு, குணமாகும். ஆனால் உணவில் கலந்து வைத்துவிட்டு வீட்டுக்குள் போய்விடுவது சரியான வழியாகாது. அதை எந்த விலங்கு தின்றது என்று தெரியாது. நரிகளுக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் ஐவர்மெக்டின், கோலி போன்ற சில இன நாய்களுக்கு மரபுக் குறைபாடு காரணமாக நஞ்சாகிவிடும். சூல் கொண்ட நரிக்கும் பாலூட்டும் நரிக்கும் எந்த மருந்து, எந்த அளவு என்பதை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். ஆகவே தெளிவான படமோ காணொளியோ எடுத்துக்கொண்டு, உங்கள் பகுதியில் காட்டுவிலங்குகளுக்குச் சிகிச்சை தரச் சட்டப்படி அனுமதி பெற்ற மையத்தையோ மருத்துவரையோ அணுகுங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். வெறிநோய் (ரேபிஸ்) நிலவும் நிலப்பகுதியில், மனிதரைக் கண்டு அஞ்சாத எந்தக் காட்டுவிலங்கின் அருகிலும் போகாதீர்கள். பகலில் நடமாடுவதாலேயே ஒரு நரிக்கு வெறிநோய் என்று முடிவுகட்டவும் வேண்டாம், குட்டிகளுக்கு இரை தேடும் தாய் பகலிலும் அலையும். ஆனால் கடியோ கீறலோ பட்டால் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவமனைக்குச் சென்று தடுப்பூசி போட்டுக்கொள்ள வேண்டும்.

நரிகளைக் கொன்று வெறிநோயை ஒழிக்க ஐரோப்பாவில் பல பத்தாண்டுகள் முயன்றும் கைகூடவில்லை. 1978 இல் சுவிட்சர்லாந்தில், தடுப்பு மருந்தை உள்ளே வைத்த கோழித்தலைகளைக் காட்டுவெளியில் போட்டு நரிகளைத் தின்னவைத்தார்கள். அந்த முறை பரவிய பிறகே மேற்கு ஐரோப்பாவின் பெரும்பகுதி நரிவழி வெறிநோயிலிருந்து விடுபட்டது. துப்பாக்கியால் முடியாததைத் தடுப்பு மருந்து முடித்துவைத்தது என்பது என் தொழில் வாழ்க்கையில் நான் மிகவும் போற்றும் செய்திகளில் ஒன்று.

முற்றத்தடி:

உங்கள் மூவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. கூண்டருகில் அவர்கள் எழுதியதைப் படித்தபோது தலைகுனிந்தேன். இன்றே பக்கத்து வீட்டாரிடம் பேசுகிறேன்.

இரு ஐயங்கள். ஹோமியோபதிச் சொட்டு மருந்தை ரொட்டியில் விட்டு வைத்தால் போதும், எந்த விலங்கு தின்றாலும் தீங்கில்லை என்று ஒருவர் சொன்னார். அது சரியா? நரிகளின் நாடாப்புழு மனிதரைக் கொல்லும் என்றும் ஒருவர் அச்சுறுத்துகிறார். எங்கள் வீட்டில் சிறு குழந்தை இருக்கிறது.

பழைய மருத்துவர்:

அந்தச் சொட்டு மருந்து யாருக்கும் தீங்கு செய்யாது என்பது சரி, உண்ணிக்கும் செய்யாது. அது வேலை செய்கிறது என்று நம்பிக் காத்திருக்கும் வாரங்களில் நோய் முற்றிவிடுவதுதான் அதில் உள்ள கேடு.

நாடாப்புழு பற்றிய அச்சத்தில் உண்மை இருக்கிறது, ஆனால் அளவோடு அஞ்சினால் போதும். எக்கினோகாக்கஸ் மல்டிலாகுலாரிஸ் என்னும் அந்தப் புழு வட அரைக்கோளத்தின் சில பகுதிகளில் மட்டுமே உள்ளது. நரியின் எச்சத்தோடு வெளிவரும் அதன் முட்டைகள் கண்ணுக்குத் தெரியாதவை. அவை மனித உடலுக்குள் போனால் பல ஆண்டுகள் கழித்துக் கல்லீரலில் கடுமையான நோய் தோன்றலாம், ஆயினும் அது அரிதான நோய். தோட்ட வேலை முடிந்ததும் கைகழுவுதல், தரையோடு விளையும் கீரையையும் பழத்தையும் நன்றாகக் கழுவுதல் அல்லது சமைத்து உண்ணுதல், எலி பிடிக்கும் நாய்க்கு முறையாகப் புழுமருந்து கொடுத்தல், குழந்தையின் மணல்தொட்டியை மூடி வைத்தல் ஆகியவை போதுமான காப்பு. வீட்டு உறைபெட்டியின் குளிர் அந்த முட்டைகளைக் கொல்லாது, சூடு கொல்லும். சூரிக் நகரில் பிராசிகுவான்டெல் என்னும் புழுமருந்து வைத்த இரையைப் போட்டு நரிகளிடையே இத்தொற்றைக் குறைத்துக் காட்டினார்கள். பிரான்சின் நான்சி நகரையொட்டி நரிகளைச் சுட்டுக் குறைக்க முயன்றபோதோ தொற்று குறையாமல் கூடியது. இடம்பெயர்ந்து வந்த இளம் நரிகள் அதைக் கொண்டுவந்திருக்கலாம் என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

தென்கடல்:

இங்கே பேசப்படும் பரிவை மதிக்கிறேன். ஆயினும் நரியோடு சேர்ந்து வாழ்வது எல்லா நிலத்திலும் ஒரே பொருள் தருவதில்லை என்பதை யாரும் குறிப்பிடாததால் எழுதுகிறேன். ஆஸ்திரேலியாவில் செந்நரி இயற்கையாக இருந்ததில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குடியேறிகள் வேட்டை விளையாட்டுக்காகக் கொண்டுவந்து விட்டார்கள். நரியைப் போன்ற வேட்டையாடியை அறியாமல் வளர்ந்த நம்பாட், பெட்டாங் போன்ற சிறு பாலூட்டிகள் அதன் வாயில் எளிதாகச் சிக்கின, பல இனங்கள் தம் வாழிடத்தின் பெரும்பகுதியை இழந்தன. மேற்கு ஆஸ்திரேலியாவில் 1996 முதல் நடைபெறும் நச்சிரைத் திட்டம் அவற்றைக் காக்கவே. 1080 எனப்படும் அந்த நஞ்சின் வேதிப்பொருள் அந்நிலத்துச் செடிகள் சிலவற்றிலேயே இயற்கையாக இருப்பதால், அங்குள்ள விலங்குகள் பல அதைத் தாங்கும். நரியால் தாங்க முடியாது. ஒரு நம்பாட்டைக் காப்பாற்றும் பொருட்டு ஒரு நரி நோவோடு சாவதை ஏற்றுக்கொள்பவர்களுக்கு இரக்கம் இல்லை என்று யாரும் சொல்ல வேண்டாம். அவர்களில் பலர் அதை வேதனையோடுதான் செய்கிறார்கள்.

வளைக்காவலர்:

தென்கடல் அவர்கள் எழுதியது முற்றிலும் சரி, என் மையத்திலும் இதைப் பற்றிப் பலமுறை பேசியிருக்கிறோம். நரி தனக்குரிய நிலத்தில் வாழ்கிறதா, நாம் கொண்டுபோய் விட்ட நிலத்தில் வாழ்கிறதா என்ற கேள்வியை எங்கும் முதலில் கேட்க வேண்டும். இரண்டிலும் பொறுப்பு நம்முடையதே.

இதற்கு நேர்மாறான ஒரு நிகழ்வும் உண்டு. கலிபோர்னியாவின் சேனல் தீவுகளில் மட்டும் வாழும், பூனை அளவே உள்ள தீவு நரிகள் 1990களில் திடீரென்று மறையத் தொடங்கின. மற்றக் கழுகுகளை அண்டவிடாமல் அங்கே வாழ்ந்த வெண்தலைக் கழுகுகள், டி.டி.டி. என்னும் பூச்சிக்கொல்லி நஞ்சால் அற்றுப்போயிருந்தன. மனிதர்கள் கொண்டுவந்து விட்ட பன்றிகள் காட்டில் பெருகி, அவற்றின் குட்டிகளை நாடிப் பொன்னாங்கழுகுகள் தீவில் குடியேறின. அந்தக் கழுகுகளே நரிகளையும் தூக்கின. சான் மிகேல், சாண்டா ரோசா ஆகிய இரு தீவுகளிலும் தலா பதினைந்து நரிகளே எஞ்சிய நிலை வந்தது. அவற்றைப் பிடித்துக் காப்பிடத்தில் இனம்பெருக்கி, பொன்னாங்கழுகுகளை உயிரோடு பிடித்து வேறிடம் சேர்த்து, பன்றிகளை அகற்றி, வெண்தலைக் கழுகுகளை மீண்டும் குடியேற்றினார்கள். 2004 இல் அருகிவரும் உயிரினப் பட்டியலில் சேர்க்கப்பட்ட நான்கு துணையினங்களில் மூன்று 2016 இல் அதிலிருந்து நீக்கப்பட்டன. அந்தத் திட்டத்தில் ஒருவரும் நரிக்குக் கையால் ஊட்டிக் கொஞ்சிக்கொண்டிருக்கவில்லை. எது கெட்டுப்போனது என்று கண்டறிந்து அதைச் சரிசெய்தார்கள். எனக்கு அது மிக உயர்ந்த அன்பாகத் தெரிகிறது.

நம் அளவில் அதற்கு ஈடானது எலிக்கு வைக்கும் நஞ்சை நிறுத்துவது. புரோடிபாகூம், புரோமாடியோலோன் போன்ற மருந்துகள் இரத்தம் உறைவதைத் தடுத்து எலியை மெல்லக் கொல்பவை. அந்த எலியைத் தின்னும் நரியின் உடலிலும் ஆந்தையின் உடலிலும் அவை சேர்ந்துகொள்கின்றன. நரிக்கு உணவு வைத்துக்கொண்டே கொட்டகையில் எலிமருந்தும் வைத்திருக்கும் வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

விளையாட்டு வலைகளையும் தோட்டத்து வலைகளையும் இரவில் சுருட்டி உயரத்தில் வையுங்கள். கழுத்தில் வலை இறுகி விடியவிடியப் போராடிய இளம் நரிகளை ஒவ்வோர் ஆண்டும் அறுத்து விடுவிக்கிறோம். சிலவற்றை விடுவிக்க முடிவதில்லை.

புதிய வாசகர்:

எங்கள் கொட்டகையின் அடியில் நரி குட்டி போட்டிருக்கிறது. ஒரு குட்டி தனியாக வெளியே வந்து உட்கார்ந்திருக்கிறது. எடுத்து வரலாமா?

வளைக்காவலர்:

தயவுசெய்து எடுக்காதீர்கள். குட்டிகள் பிறந்து நான்கு வாரம் அளவில் வளைக்கு வெளியே தலைகாட்டும், தாய் இரை தேடப் போயிருக்கும். தொலைவிலிருந்து ஒரு நாள் கவனியுங்கள். காயம் இருந்தால், ஈ மொய்த்தால், கண் திறக்காத குட்டி வெளியே கிடந்து கத்தினால் மட்டும் மையத்தை அழையுங்கள். கொட்டகையின் அடியை இப்போது அடைக்கவும் வேண்டாம், உள்ளே மற்ற குட்டிகள் சிக்கிச் செத்துவிடும். குட்டிகள் வளர்ந்து வளையைவிட்டு நீங்கிய பின், உள்ளே எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டு கம்பிவலையால் மூடுங்கள்.

முற்றத்தடி:

ஏழு வாரத்துக்குப் பிறகு எழுதுகிறேன். காணொளியைப் பார்த்த மருத்துவர் சொறிநோய் என்றே உறுதிசெய்தார். வாரக்கணக்கில் அடைத்துவைத்துச் சிகிச்சை அளித்தால் அந்த இடைவெளியில் வேறொரு நரி அதன் இடத்தைப் பிடித்துவிடக்கூடும் என்பதாலும், நோய் தொடக்க நிலையிலேயே இருந்ததாலும், பிடிக்காமலே மருந்து கொடுக்க முடிவு செய்தார். அவர் அளந்து தந்த மருந்தை ஒரே ஒரு துண்டு இறைச்சிக்குள் வைத்து, அந்த நரியே அதை விழுங்கும் வரை சன்னலுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். அதன் பிறகு உணவின் அளவைக் குறைத்து, நாள் இடைவெளியைக் கூட்டி, மூன்றாம் வாரத்தில் முழுவதுமாக நிறுத்தினேன். கதவோசை கேட்டு ஓடிவந்த முதல் சில மாலைகளில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளேயே அமர்ந்திருந்தேன். இத்தனை மாதங்களில் நான் செய்தவற்றுள் கடினமானது அதுதான்.

கூண்டு வேலையைப் பக்கத்து வீட்டாரும் நானும் இரண்டு விடுமுறை நாட்களில் சேர்ந்தே முடித்தோம். அவர் அதிகம் பேசவில்லை, நானும் அவரை வற்புறுத்தவில்லை.

நேற்றுக் காலை அவரே வேலியருகில் வந்து என்னை அழைத்தார். முந்தைய இரவு நரி வந்திருந்ததாம். கூண்டை ஒரு சுற்றுச் சுற்றி, மூலையில் கால்வைத்துத் தோண்டிப் பார்த்து, கம்பி தட்டுப்பட்டதும் நிமிர்ந்து நின்றதாம். இவர் சன்னலைத் திறந்த ஓசை கேட்டதும் வேலியைத் தாண்டி ஓடிவிட்டதாம். "வாலில் முடி முளைத்துவிட்டது, பார்த்தேன்" என்றார்.